காரணைதான் தொலைவில் இருக்கிறது

2019 அக்டோபர் 9ஆம் தேதி, செங்கல்பட்டில் ஒரு பத்திரிகையின் உள்ளூர் நிருபரைப் பார்க்கத் துண்டறிக்கையும் கையுமாகப் போயிருந்தேன். பத்திரிகையின் பெயர் வேண்டாம். எந்தப் பத்திரிகைக்குப் போயிருந்தாலும் இதேதான் நடந்திருக்கும். மறுநாள் காரணை துப்பாக்கிச் சூட்டின் இருபத்தைந்தாம் ஆண்டு நினைவு நாள். நாலு வரி போட்டால் போதும் என்று கேட்டேன். அவர் அறிக்கையைப் படித்தார். கெட்டவர் இல்லை, டீ வாங்கிக் கொடுத்தார்.

"தம்பி, இன்னும் மூணு நாளைக்கு எல்லாமே மாமல்லபுரந்தான். சீன அதிபர் வர்றாரு. பக்கமே கெடையாது. ஆமா, உங்க காரணை எங்க இருக்கு?"

"மாமல்லபுரத்துக்குப் பக்கந்தான் சார்."

"அப்படின்னா பந்தோபஸ்து ஏரியா. அந்தப் பக்கம் கொடி கிடி புடிச்சிகினு போயிடாதீங்க. தூக்கி உள்ள வச்சிடுவான்."

அக்கறையாகத்தான் சொன்னார். 11, 12 தேதிகளில் மோடியும் ஷி ஜின்பிங்கும் அருச்சுனன் தபசு முன்னால் நின்றார்கள். வெண்ணெய் உருண்டைப் பாறைக்கு முன்னால் கையைக் கோத்துத் தூக்கினார்கள். பிரதமர் வேட்டி கட்டியது செய்தி. இளநீர் குடித்தது செய்தி. 12ஆம் தேதி காலையில் கோவளம் கடற்கரையில் அவர் குப்பை பொறுக்கியது நாடு முழுக்கச் செய்தி. அதே குப்பையைத் தினமும் பொறுக்குகிற சாதி எது, அவர்களுக்குக் கூலி என்ன என்று யாரும் கேட்கவில்லை. பல்லவர், சீன யாத்ரீகன் யுவான் சுவாங், பட்டு வாணிகம் என்று ஆயிரத்து முந்நூறு வருசத்துக் கதையையெல்லாம் தோண்டி எடுத்துப் போட்டார்கள். இருபத்தைந்து வருசத்துக்கு முன்னால் அதே வட்டாரத்து மண்ணுக்காக விழுந்த இரண்டு பிணங்களின் கதைக்கு மட்டும் இடமில்லை.

இளைய தோழர்கள் பலருக்குத் தெரியாது என்பதால் அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு இது செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம். காரணையில் அறுநூறு ஏக்கருக்கு மேல் பஞ்சமி நிலம் கைமாறிப் போயிருக்கிறது என்பது போராடியவர்கள் வைத்த கணக்கு. நிலத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அந்த நிலத்தில் அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் சனங்கள் திரண்டார்கள். போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு பேர் செத்தார்கள்.

அவர்கள் யாருடைய சொத்தையும் கேட்கவில்லை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர் இந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலைமையை ஓர் அறிக்கையாக எழுதினார். குடியிருக்கிற குடிசை மனைகூடச் சொந்தமில்லாமல் மிராசுதாருக்கு அடிமைப்பட்டுக் கிடக்கிறார்கள் என்று எழுதினார். ஆடம் ஆண்ட்ரூ போன்ற மிஷனரிகளும் அப்போது இதையே எழுதிக்கொண்டிருந்தார்கள். 1892இல் அரசாணை வந்தது. தாழ்த்தப்பட்டோருக்கென்று ஒதுக்கிய நிலத்தைப் பத்து வருசத்துக்கு விற்கக் கூடாது, அதன் பிறகும் தாழ்த்தப்பட்டோருக்கு மட்டும்தான் விற்கலாம் என்பது நிபந்தனை. சென்னை மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று பேசப்படுகிறது. அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்பதை நீங்கள் உங்கள் ஊரிலேயே பார்த்துக்கொள்ளலாம். அந்தச் சட்டம் பிறந்ததே செங்கல்பட்டுக் காகிதத்தில்தான். சட்டத்தை அமல்படுத்து என்று கேட்டவர்களைச் சுட்டதும் அதே செங்கல்பட்டில்தான்.

எங்கள் பெரியம்மா அன்றைக்கு ஊர்வலத்தில் இருந்தவர். "சோத்த கட்டிகினு போனோம்டா, சாயங்காலம் வந்துடலாம்னு. சத்தம் கேட்டப்ப வெடி போடறான்னுதான் நெனச்சேன். அப்பறம் எல்லாரும் ஓடுனாங்க, நானும் ஓடுனேன். செருப்பு ஒண்ணு அங்கயே போயிடுச்சி. சோத்து மூட்டைய மட்டும் கெட்டியா புடிச்சிகினு வந்தேன் பாரு" என்று சொல்வார். அவரைத் தேடி வந்து என்ன நடந்தது என்று கேட்ட நிருபர் ஒருவர்கூட இல்லை. அந்த வருசம் மே 10 அன்று நெல்சன் மண்டேலா தென்னாப்பிரிக்காவின் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். தமிழில் எழுதத் தெரிந்தவர்களெல்லாம் கொண்டாடினார்கள். சரியாக அஞ்சு மாசம் கழித்து செங்கல்பட்டில் துப்பாக்கி வெடித்தபோது அந்தப் பேனாக்களில் மை வற்றிவிட்டது.

*

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டுக் கொடுமைக்கு அழாதே என்று நான் சொல்ல வரவில்லை. "மொதல்ல உள்ளூரப் பாரு, அப்பறம் காசாவப் பேசு" என்பது ஊர்த்தெருக்காரன் பேச்சு. அவன் உள்ளூரையும் பார்க்க மாட்டான், காசாவையும் பேச மாட்டான். நான் கேட்பது வேறு. எந்த அநியாயம் செய்தியாகிறது, எது ஆகவில்லை என்பதை எது தீர்மானிக்கிறது? செத்தவர் எண்ணிக்கை தீர்மானிக்கிறதா, தூரம் தீர்மானிக்கிறதா? இரண்டும் இல்லை. செய்தவன் யார், செய்தியை எழுதுகிறவனுக்கு அவன் என்ன உறவு என்பதுதான் தீர்மானிக்கிறது.

மாமல்லபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷி ஜின்பிங் வந்த அந்த வாரம் ஹாங்காங் தெருக்களில் மாதக்கணக்கில் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. சின்சியாங்கில் பத்து லட்சம் உய்குர் முஸ்லிம்கள் முகாம்களில் அடைக்கப்பட்டிருப்பதாக ஐ.நா. குழு ஒன்று 2018லேயே பேசிவிட்டது. உலகத்தின் மிகப் பெரிய மனித உரிமைக் கேள்விகளில் ஒன்று நம் கிழக்குக் கடற்கரைச் சாலையில் காரில் போனது. நம் பத்திரிகைகளோ விருந்தில் என்ன சாம்பார் என்று எழுதின. எதிர்ப்புக் காட்டிவிடுவார்கள் என்று திபெத்திய மாணவர்களைச் சென்னையில் பிடித்து அடைத்தார்கள். திபெத்தியக் கவிஞர் டென்சின் சுண்டுவை விழுப்புரம் மாவட்டத்தில் கைது செய்தார்கள். சொந்த நாடில்லாத ஒரு கவிஞன் நம் மண்ணில் சிறைப்பட்டான். நம் கவிஞர்களில் எத்தனை பேர் வாய் திறந்தார்கள்?

நம் முற்போக்கு நண்பர்கள் பலர் செய்தது இன்னும் வேடிக்கை. மோடியை எதிர்க்கிறோம் என்று, தமிழ்நாடு ஷி ஜின்பிங்கை வரவேற்கிறது என ட்விட்டரில் முழங்கினார்கள். 2009இல் ராஜபக்சே அரசுக்கு ஆயுதம் கொடுத்த நாடுகளில் சீனா முக்கியமானது. அந்த வருசம் மே 27 அன்று ஐ.நா. மனித உரிமைக் குழுவில் இலங்கைக்குச் சாதகமான தீர்மானம் 29 வாக்குகளில் நிறைவேறியது. சீனாவும் வாக்களித்தது, இந்தியாவும் வாக்களித்தது. முள்ளிவாய்க்காலுக்கு அழுத அதே கை பத்து வருசம் கழித்து வரவேற்பு தட்டச்சு செய்தது. எதிராளிக்கு எதிராளி என்றால் அவன் கையிலிருக்கிற ரத்தம் தெரியாமல் போய்விடுகிறது. இதற்குப் பெயர் மனித உரிமைப் பார்வை இல்லை, கட்சி கட்டுவது.

*

2012, 2013 வருசங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

2012 மே மாதம் இதே மாமல்லபுரத்தில் சித்திரை முழுநிலவு விழா நடந்தது. சாதி மீறிக் கல்யாணம் பண்ணுகிறவர்களை மிரட்டி அந்த மேடையில் பேசினார்கள். நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம் காலனி, அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று சேரிகளில் 250க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுக் கொளுத்தப்பட்டன. ஒரு காதல் கல்யாணம்தான் காரணம் என்றார்கள். 2013 பிப்ரவரியில் பிரபாகரனின் பன்னிரண்டு வயது மகன் பாலச்சந்திரனின் படங்கள் வந்தன. பிஸ்கட் தின்றுகொண்டிருந்த பிள்ளை, அடுத்த படத்தில் மார்பில் குண்டோடு கிடந்தான். மார்ச்சில் லயோலா மாணவர்கள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அது தமிழ்நாடு முழுக்கப் பற்றியது. அரசாங்கம் கல்லூரிகளை மூடியது. ஏப்ரல் 25 அன்று மறுபடி மாமல்லபுரத்தில் சித்திரை விழா. அதற்குப் போகிற வழியில் மரக்காணத்தில் தலித் வீடுகள் எரிந்தன. ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாகக் கிடந்தான்.

நவம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் நாலு மாசம். மாணவர்களுக்குக் கோபப்படத் தெரியும் என்பதை மார்ச் காட்டியது. நவம்பரில் அந்தக் கோபம் எங்கே போயிருந்தது? நத்தம் காலனிக்காகப் போன மாணவர்கள் இருந்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் எந்த அரசாங்கமும் அதற்குப் பயந்து கல்லூரியை மூட வேண்டியிருக்கவில்லை. மார்ச்சில் தெருவில் நின்ற மாணவன் சிங்கள ராணுவத்தை எதிர்த்து முழங்கினான். அவன் வீட்டில் யாரும் சிங்கள ராணுவத்தில் இல்லை. நவம்பரில் அவன் எதிர்க்க வேண்டியிருந்தது தன் மாமனை, சித்தப்பனை, பக்கத்து பெஞ்சு நண்பனை. தூரத்துக் கொடுமையை எதிர்க்க ஒரு அட்டையும் கொஞ்சம் பெயிண்டும் போதும். பக்கத்துக் கொடுமையை எதிர்த்தால் பொங்கலுக்கு வீட்டுக்குப் போக முடியாது.

பத்திரிகை மொழியைப் பாருங்கள். இலங்கையில் நடந்தால் "இனப்படுகொலை". சரி, அது இனப்படுகொலைதான். தர்மபுரியிலும் மரக்காணத்திலும் நடந்தால் "இரு பிரிவினர் மோதல்". எரிந்தது ஒரு பிரிவினர் வீடு மட்டும், ஆனாலும் மோதல் இரண்டு பிரிவினருடையது. "அசம்பாவிதம்", "பதற்றம்", "போலீஸ் குவிப்பு" என்று எழுதுவார்கள். செய்தவனுக்குப் பெயர் இருக்காது, சாதி இருக்காது. செத்தவனுக்கு மட்டும் "காலனியைச் சேர்ந்த" என்று அடையாளம் கிடைக்கும். இலக்கணம் படித்தவன் என்பதால் சொல்கிறேன், செய்தவன் இல்லாத வாக்கியம் எழுதுவதில் நம் பத்திரிகைகளை மிஞ்ச ஆளில்லை. வீடு எரிந்தது என்பார்கள், எரித்தான் என்று எழுதமாட்டார்கள்.

*

ஈழத்தை நாம் ஒருபோதும் தொலைவாக நினைத்ததில்லை. 2009 ஜனவரியில் திருமாவளவன் போர் நிறுத்தம் கேட்டு உண்ணாவிரதம் இருந்தது இதே மறைமலை நகரில்தான். சேரி இளைஞர்கள் வழக்கு வாங்கினார்கள், அடி வாங்கினார்கள். எங்கள் பெரியம்மா டி.வி.யைப் பார்த்து, "அவங்களும் நம்மளாட்டமே மூட்டைய புடிச்சிகினு ஓடறாங்களேடா" என்று அழுதார். அவருக்கு யாரும் சர்வதேசியம் சொல்லிக் கொடுக்கவில்லை. தான் ஓடியது நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் ஈழத்துக்காக அழுத தமிழ்நாடு எல்லா ஈழத் தமிழருக்காகவும் அழுததா? 1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றவர்களாக்கியது. இங்கிருந்து கங்காணி கூட்டிப்போன சனங்கள் அவர்கள், பெரும்பகுதி நம் சேரிச் சனங்கள். 1964இல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கணக்குப் போட்டது. அவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் மாடு கன்று மாதிரிப் பங்கு பிரித்தார்கள். 1983இல் கொதித்த தமிழகம் 1948இலும் 1964இலும் அந்த அளவுக்கு ஏன் கொதிக்கவில்லை? யாழ்ப்பாணத்துப் பஞ்சமர் 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் அடிபட்டது இங்கே யாருக்குச் செய்தியானது? கே. டானியல் 'பஞ்சமர்' என்று நாவலே எழுதினார். ஈழ இலக்கியம் பேசுகிற எத்தனை மேடையில் அவர் பெயர் வருகிறது? கடல் தாண்டினாலும் சேரிக்காரன் பாடு சின்ன எழுத்துச் செய்திதான்.

தொலைவு என்பது கிலோமீட்டர் இல்லை என்பதற்குச் செங்கல்பட்டு நகரத்துக்குள்ளேயே ஒரு சாட்சி இருந்தது. பழைய கிளைச்சிறைக் கட்டிடத்தில் ஈழ அகதிகளுக்கான சிறப்பு முகாம். பெயர்தான் முகாம், உள்ளே இருந்தது பூட்டு. வெளிநாட்டவர் சட்டத்தைக் காட்டி வருசக்கணக்கில் வைத்திருந்தார்கள். விடுதலை கேட்டு உள்ளிருந்தவர்கள் எத்தனையோ முறை சாப்பிடாமல் கிடந்தார்கள். ஜெனீவாவில் தீர்மானம் வருமா என்று தினமும் தலையங்கம் எழுதிய பத்திரிகைகளுக்கு செங்கல்பட்டுக்கு ஒரு பஸ் ஏறி வர நேரமில்லை. வவுனியாவில் சிங்களவன் அடைத்தால் முள்வேலி, செங்கல்பட்டில் கியூ பிரிவு அடைத்தால் பாதுகாப்பு. ராஜீவ் வழக்கில் 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்த சாந்தன், திருச்சி சிறப்பு முகாமில் அடைபட்டு, தாயைப் பார்க்க ஊருக்குப் போக முடியாமலே 2024 பிப்ரவரி 28 அன்று சென்னை மருத்துவமனையில் இறந்துபோனார். ஈழம் இங்கேயே இருந்தது. பார்க்கத்தான் ஆளில்லை.

*

யார் பார்ப்பது? பார்க்கிற கண் யாருடையது?

1996இல் 'வாஷிங்டன் போஸ்ட்' நிருபர் கென்னத் கூப்பர் டெல்லியில் ஒரு சாதாரணக் கேள்வி கேட்டார். கூப்பர் ஓர் அமெரிக்கக் கறுப்பர். எனக்கு ஒரு தலித் பத்திரிகையாளரைக் காட்டுங்கள், பேச வேண்டும் என்றார். பி.என். உனியால் என்ற மூத்த பத்திரிகையாளர் தேடிப் பார்த்தார். மத்திய அரசின் அங்கீகாரம் பெற்ற 686 பேரின் பட்டியலைப் புரட்டினார். 454 பேரின் பெயரிலேயே மேல்சாதி வால் இருந்தது. மிச்சமிருந்தவர்களில் 47 பேரை விசாரித்தார். ஒருவர்கூடத் தலித் இல்லை. நவம்பர் 16 அன்று 'பயனியர்' இதழில் இதை எழுதினார். வெளிநாட்டிலிருந்து ஒரு கறுப்பர் வந்து கேட்ட பிறகுதான் இந்தியப் பத்திரிகை உலகத்துக்குத் தன் அலுவலகத்தில் யார் இல்லை என்பது தெரிந்தது. 2019இல் ஆக்ஸ்ஃபாமும் நியூஸ்லாண்ட்ரியும் மறுபடி எண்ணினார்கள். தலைமைப் பொறுப்புகள் 121, அதில் மேல்சாதியினர் 106. தலித்தும் ஆதிவாசியும் பூஜ்ஜியம். இருபத்து மூன்று வருசத்தில் காட்ட இவ்வளவுதான் முன்னேற்றம்.

அரசாங்கத்தின் கண்ணும் இதே கண்தான். தென்னாப்பிரிக்க இனப்பாகுபாட்டை 1946லேயே ஐ.நா.வுக்குக் கொண்டுபோன நாடு நம் நாடு. பெருமைதான். அதே தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில் 2001இல் இனவெறிக்கு எதிரான உலக மாநாடு நடந்தது. நம் ஆட்கள் போய்ச் சாதியையும் பேசு என்றார்கள். சாதி வேறு இனம் வேறு, இது எங்கள் உள்நாட்டு விவகாரம் என்று இந்திய அரசு கதவைச் சாத்தியது. பிரிட்டோரியாக்காரனும் 1946இல் இதே பதிலைத்தான் சொன்னான், உள்நாட்டு விவகாரம் என்று. அவன் சொன்னால் இனவெறி, இவன் சொன்னால் இறையாண்மை.

பத்திரிகையால் ஒன்றும் ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆகும். அதனால்தான் இத்தனை கோபம். 2021 அக்டோபரில் மாமல்லபுரம் பெருமாள் கோயில் அன்னதானத்தில் ஒரு நரிக்குறவப் பெண்ணைப் பந்தியிலிருந்து விரட்டினார்கள். அவர் பேசிய வீடியோ பரவியது. அறநிலையத்துறை அமைச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். நவம்பர் 4, தீபாவளி அன்று முதலமைச்சரே பூஞ்சேரிக்கு வந்து நரிக்குறவர்களுக்கும் இருளர்களுக்கும் பட்டாவும் சாதிச் சான்றிதழும் கொடுத்தார். வருசக்கணக்கில் தாலுகா ஆபீசில் தூங்கிய காகிதம் சில நாளில் எழுந்து நடந்தது. சந்தோசம். ஆனால் கேள்வி அங்கேதான் இருக்கிறது. வெளிச்சம் பட்டால் ஒரு வாரத்தில் ஆகிற காரியம், அதுவரை ஆகாமல் இருந்தது சட்டச் சிக்கலால் இல்லை, யாரும் பார்க்காததால். அப்படியென்றால் பார்க்காமல் இருப்பதும் ஒரு செயல். பஞ்சமி நிலத்தின் மேல் அந்த வெளிச்சம் அடிக்காது. அன்னதானத்தில் சோறு போட்டால் யாருக்கும் நட்டமில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ரியல் எஸ்டேட் போர்டு நட்ட நிலத்தைத் திருப்பிக் கொடுத்தால் நிறையப் பேருக்கு நட்டம். அந்தப் போர்டுக்காரர்களின் முழுப்பக்க விளம்பரம்தான் பத்திரிகைக்குச் சாப்பாடு.

*

கடைசியாக நம்மிடம் வருகிறேன். காசாவுக்கான கூட்டறிக்கையில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இனியும் போடுவேன். 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்டுக்காகக் கவிதை எழுதினேன், ஒரு சிற்றிதழில் வந்தது. ஜான் தாமஸ், ஏழுமலை பற்றி நான் எழுதுகிற முதல் கட்டுரை இது. எங்கள் பெரியம்மா சொன்னதை முதல் தடவையாகக் காகிதத்தில் வைப்பதும் இப்போதுதான். இத்தனை வருசம் ஏன் ஆனது? எனக்கும் அமெரிக்கப் பிணம்தான் கவிதைக்குத் தோதாக இருந்தது. எஜமானனின் கண்ணாடியைக் குறை சொல்லிக்கொண்டே அதையே மாட்டிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

இந்த மாவட்டத்தில் மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' என்று பத்திரிகை நடத்தினார். அன்றைக்கு எந்தப் பத்திரிகையிலும் நமக்குப் பக்கம் இல்லை. அவர் யாரிடமும் நாலு வரி கேட்டு நிற்கவில்லை. இழிவாகச் சொன்ன பெயரையே தலைப்பில் அச்சடித்து வெளியே விட்டார். 1907இல் அயோத்திதாசர் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1920இல் அம்பேத்கர் 'மூக்நாயக்' தொடங்கினார். இவர்களுக்குப் பின்னால் வந்த நான் துண்டறிக்கையோடு நிருபர் மேசை முன்னால் நின்றேன். அவர் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

தோழர்களே, மாணவர்களே, செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரணம். 1994இல் செங்கல்பட்டில் இருந்தவர்களில் பலருக்கு வயதாகிவிட்டது. ஒரு நோட்டும் ஒரு செல்போனும் எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். என்ன நடந்தது, யார் ஓடினார்கள், யார் அடிபட்டார்கள், யார்மேல் வழக்கு, அந்தப் பிள்ளைகளெல்லாம் இன்று எங்கே என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் ஊர் அ பதிவேட்டை எடுத்து எது பஞ்சமி, இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று சர்வே எண்ணோடு எழுதுங்கள். காசாவுக்குக் கூட்டம் போடுகிற இடத்தில், திபெத்துக்குப் பேசுகிற இடத்தில், ஈழத்துக்கு மெழுகுவர்த்தி ஏற்றுகிற இடத்தில் அதை வாசியுங்கள். எழுந்து போகிறவர்கள் போகட்டும். யார் எழுந்து போகிறார்கள் என்பதையும் குறித்து வையுங்கள். அவர்கள் மனித உரிமைக்காக வந்தவர்களா, தூரத்து மனித உரிமைக்காக வந்தவர்களா என்பது அப்போது தெரிந்துவிடும்.

எங்கள் பெரியம்மாவுக்கு இப்போது சரியாகக் கண் தெரியாது. இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். செருப்பைப் பற்றி எழுதியதைக் கேட்டுச் சிரித்தார். அப்புறம் கேட்டார்: "எல்லாஞ்சரிடா, நெலம் வந்துச்சா?"

பதில் சொல்ல வேண்டியது நான் மட்டும் இல்லை.